தடித்த எழுத்தில் ஒரு ஃபெரிட்டின்

மாஸ்டர் செக்கப் முடிந்து கைக்கு வரும் தாளில் கண் முதலில் போய் நிற்பது தடித்த எழுத்தில் அச்சான எண்களில்தான். அப்படி ஒரு தாளோடு வந்தவரை வைத்தே இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். 46 வயது. நாள் முழுக்க நாற்காலியில் வேலை. குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது இப்ப எல்லாருக்கும்தானே சார் இருக்கு" என்றார். அவர் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொரு வரி: ஃபெரிட்டின் 485. லேப் போட்டிருந்த உச்ச வரம்பு 300.

"உடம்புல இரும்பு ஏறிப்போச்சு சார்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் முருங்கைக்கீரை இல்லை, பேரீச்சம்பழம் இல்லை. அம்மா காலத்து இரும்புச் சட்டி பரணுக்குப் போய்விட்டது. கூட வந்திருந்த மனைவி, ஒரு மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஃபெரிட்டின் 9.

ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. ஒருவருக்கு 485, இன்னொருவருக்கு 9. இந்த இரண்டு எண்களையும் விளங்கிக்கொண்டால் கொழுப்புக் கல்லீரல், இன்சுலின் எதிர்ப்பு, இரும்பு என்ற மூன்றும் எங்கே கைகோக்கின்றன என்பது பிடிபட்டுவிடும்.

குதிரும் நெல்லும்

பழைய வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் குதிர் இருக்குமே, ஃபெரிட்டின் அந்த மாதிரி. 24 புரதத் துண்டுகள் சேர்ந்து உருண்டையாக மூடிக்கொண்ட கூடு. உள்ளே சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரும்பு கட்டுப்பாடில்லாமல் அலைந்தால் செல்லைத் துருப்பிடிக்க வைப்பது போலச் சிதைக்கும். அதனால் உடம்பு அதைக் கூட்டுக்குள் போட்டு மூடிவைக்கிறது. கல்லீரலில்தான் இந்தக் குதிர்கள் அதிகம்.

சிக்கல் எங்கே என்றால், லேப் எண்ணுவது குதிர்களை, நெல்லை அல்ல. ரத்தத்தில் மிதக்கும் ஃபெரிட்டினுக்குள் இரும்பு கொஞ்சம்தான் இருக்கும். இரும்பு நிறையச் சேர்ந்தால் குதிர்கள் கூடும் என்பது உண்மை. ஆனால் காய்ச்சல் வந்தாலும் கூடும். மூட்டு வீங்கினாலும், மது குடித்தாலும், கல்லீரல் செல்கள் அடிபட்டாலும் கூடும். அழற்சி எங்கே இருந்தாலும் அதோடு சேர்ந்து ஏறும் புரதம் இது. டெங்குக் காய்ச்சலில் படுத்து எழுந்த மறுவாரம் ஃபெரிட்டின் பார்த்துவிட்டு இரும்பு நோய் என்று கலங்குவது வீண். காய்ச்சல் விட்டுச் சில வாரமாவது போகட்டும்.

நெல் எவ்வளவு இருக்கிறது என்பதை ஓரளவு சொல்ல வேறொரு கணக்கு உண்டு: டிரான்ஸ்ஃபெரின் செறிவு. டிரான்ஸ்ஃபெரின் என்பது ரத்தத்தில் இரும்பை ஏற்றிச் செல்லும் பஸ். மொத்த சீட் எத்தனை என்பதை டி.ஐ.பி.சி. என்ற எண் காட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை சீரம் அயர்ன் காட்டும். அயர்னை டி.ஐ.பி.சி.யால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் எத்தனை சதவீதம் சீட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். சாதாரணமாக 20 முதல் 45 சதவீதம். நம்மவருடைய தாளில் அயர்ன் 92, டி.ஐ.பி.சி. 330. வகுத்தால் 28 சதவீதம். குதிர் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, பஸ்ஸில் கூட்டமே இல்லை.

இந்தச் சேர்க்கைக்கு 1997-இல் பிரான்ஸின் ரென் நகரத்து மருத்துவர்கள் ஒரு பெயர் தேடினார்கள். டிரான்ஸ்ஃபெரின் செறிவு இயல்பாக இருந்தும் கல்லீரலில் இரும்பு கூடியிருந்த ஒரு கூட்டத்தை மொய்ராண், பிரிசோ, தெக்னியே ஆகியோர் 'லான்செட்' இதழில் விவரித்தார்கள். அந்த நோயாளிகளிடம் பொதுவாகக் காணப்பட்டவை தொப்பை, சர்க்கரைக் கோளாறு, ரத்தக் கொழுப்பு. இரும்பு நோயாளி என்று வந்தவர்களுக்கு இருந்தது வளர்சிதை மாற்றக் கோளாறு. நம்ம ஊர் மாஸ்டர் செக்கப் தாள்களில் ஃபெரிட்டின் தடித்து நிற்பவர்களில் கணிசமானோர் இந்தக் கூட்டம்தான் என்பது என் அனுபவம்.

ஏன் இப்படி? கல்லீரல் ஹெப்சிடின் என்ற சின்னஞ்சிறு ஹார்மோனைச் சுரக்கிறது. 25 அமினோ அமிலங்கள்தான். கிட்டத்தட்ட 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் அதை அடையாளம் கண்டார்கள். குடலிலிருந்தும் சேமிப்புச் செல்களிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வெளியேறும் மதகை அது அடைத்துவிடும். கொழுப்பும் அழற்சியும் சேர்ந்த கல்லீரலில் ஹெப்சிடின் ஏறும்போது இரும்பு செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பஸ்ஸுக்கு வந்து சேருவதில்லை. ஃபெரிட்டின் ஏறுகிறது, செறிவு ஏறவில்லை.

கொழுப்பு எங்கிருந்து வந்தது?

"நெய்யை நிறுத்திட்டேன் சார், எண்ணெயே சேர்க்கறதில்ல" என்று பலர் பெருமையோடு சொல்வார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் கல்லீரலில் இருந்த கொழுப்பு எந்த வழியாக வந்தது என்று தடம் பிடித்தது. ஏறத்தாழ 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்துக்கொண்டது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். நெய்யை மட்டும் நிறுத்தியவர் இதில் மிகச் சிறிய வாய்க்காலை அடைத்திருக்கிறார்.

பெரிய வாய்க்கால் திறந்துகொள்வது இன்சுலின் எதிர்ப்பால். இன்சுலின் சர்க்கரைக்கான ஹார்மோன் என்று மட்டும் நினைக்கிறோம். கொழுப்புத் திசுவிடம் "இருப்பதை விடாதே, பத்திரமாக வை" என்று சொல்வதும் அதன் வேலை. தொப்பை நிரம்பி வழியும்போது அந்தத் திசு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலுக்கு வந்து சேர்கின்றன. கேட்காத காதுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் அல்லவா, கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது. இங்கே கல்லீரல் ஒரு விசித்திரம் செய்கிறது. "சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து" என்ற கட்டளை மட்டும் அதன் காதில் விழாது. "கொழுப்பைத் தயாரி" என்ற கட்டளை நன்றாக விழும். ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறுகிறது, டிரைகிளிசரைடும் ஏறுகிறது, கல்லீரலும் கொழுக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-இல் இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே வேரில் கிளைத்தவை என்று வாதிட்டபோது இன்சுலின் எதிர்ப்பைத்தான் அந்த வேர் என்றார்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பாரம் உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004-இல் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 'லான்செட்'டில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே: 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?" என்று கேட்பவர்களுக்கு அந்தப் படமே பதில். நமக்கு 25 அல்ல, 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்று கணக்கு. அதைவிடத் தையற்காரர் டேப் நம்பகமானது: தொப்புள் மட்டத்தில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். என் அறையில் பாதிப் பேர் எக்குகிறார்கள்.

பின்கழுத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கருமை, அக்குளில் அதே கருமை, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மருக்கள்: இவையும் இன்சுலின் எதிர்ப்பு தோலில் எழுதிவைக்கும் சேதி. வளரிளம் பெண்ணுக்கு இந்தக் கருமையோடு மாதவிடாயும் தள்ளிப்போனால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் சேர்த்துப் பாருங்கள்.

பென்சிலை எடுங்கள்

இன்சுலின் எதிர்ப்பை எண்ணாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஹோமா ஐ.ஆர். என்ற கணக்கு இருக்கிறது. 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை வெறும் வயிற்று இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். நம்மவருக்கு 108, 18. பெருக்கினால் 1,944. வகுத்தால் 4.8. இரண்டரைக்கு மேல் போனாலே எதிர்ப்பு என்று பலரும் கொள்கிறார்கள். ஆனால் இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறுபடும். எல்லாருக்கும் பொதுவான கோடு கிடையாது. இடுப்பளவு 98, டிரைகிளிசரைடு 220, ஹெச்.டி.எல். 34 என்று தாள் சொல்லும்போது இன்சுலின் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

செலவில்லாமல் போட்டே ஆக வேண்டிய கணக்கு வேறு. அதன் பெயர் ஃபிப் 4. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்பதற்கான முதல் சல்லடை இது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி (2.3 லட்சம் என்றால் 230), அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். நம்மவருக்கு வயது 46, எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 52, பிளேட்லெட் 2.3 லட்சம். 46 × 38 = 1,748. 52-இன் வர்க்கமூலம் 7.21, 230 × 7.21 = 1,658. வகுத்தால் 1.05.

1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கோடு 2. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். நடுவில் நின்றால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் ஓரளவு நிம்மதி. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஃபிப் 4 சரியாகப் பேசாது.

ஸ்கேன் சொல்லும் கிரேடு 1, 2, 3 என்பது கொழுப்பின் அளவு பற்றியது, தழும்பைப் பற்றியது அல்ல. கிரேடு 1 என்பதால் கவலையில்லை என்பதும், கிரேடு 3 என்பதால் கல்லீரல் போய்விட்டது என்பதும் இரண்டுமே தப்பு. எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பதும் நற்சான்று ஆகாது. உயிரையும் ஆயுளையும் தீர்மானிப்பது தழும்புதான். அதனால்தான் ஃபிப் 4-ஐ இவ்வளவு வலியுறுத்துகிறேன். இதற்கு வேண்டியவை எல்லாம் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்த தாளிலேயே இருக்கும். யாரும் சேர்த்துப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜர்கன் லுட்விக் 1980-இல், மது குடிக்காதவர்களுக்கும் குடிகாரர்களுக்கு வருவது போன்ற கல்லீரல் அழற்சி வருகிறது என்று 20 நோயாளிகளை வைத்து எழுதி அதற்கு 'நேஷ்' என்று பெயரிட்டார். 2023-இல் அந்தப் பெயர்களை மாற்றினார்கள். நேஷ் இப்போது 'மேஷ்'; கொழுப்புக் கல்லீரலைக் குறித்த என்.ஏ.எஃப்.எல்.டி. இப்போது எம்.ஏ.எஸ்.எல்.டி. உங்கள் தாளில் என்.ஏ.எஃப்.எல்.டி. என்று இருந்தாலும் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று இருந்தாலும் பேசப்படுவது ஏறக்குறைய ஒரே நோய்தான்.

485-ஐ என்ன செய்வது?

ஃபெரிட்டினை ஒதுக்கிவிடவும் கூடாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் ஃபெரிட்டின் உச்ச வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டியவர்களுக்குத் தழும்பு அதிகம் காணப்பட்டதாக 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 300-இன் ஒன்றரை மடங்கு 450. நம்மவர் அதைத் தாண்டிவிட்டார். அதனால்தான் அவருக்கு ஃபிப் 4-ஐ அவர் எதிரிலேயே போட்டுக் காட்டினேன்.

டிரான்ஸ்ஃபெரின் செறிவு 45 சதவீதத்தைத் தாண்டினால் கதை வேறு. காலையில் வெறும் வயிற்றில் இன்னொரு முறை பாருங்கள். அதற்குச் சில நாள் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். மறுபடியும் தாண்டினால் பரம்பரை இரும்பு நோய்க்கான மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவர் பேசுவார். ஐரோப்பியர்களிடம் அதற்குக் காரணமான முக்கிய மரபணு மாற்றம் நம்மிடம் அரிது. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது தாலசீமியா. லேசான ரத்தசோகை, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) ரொம்பக் குறைவு, ஆனால் ஃபெரிட்டின் நன்றாகவே இருக்கிறது என்றால் ஹீமோகுளோபின் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை செய்யாமல் டானிக் குடிக்காதீர்கள். தாலசீமியா டிரெய்ட் உள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் குடித்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஃபெரிட்டின் 1,000-ஐத் தாண்டினாலும், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே வந்தாலும் இந்த நூலை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தம் எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா? நல்ல கேள்வி; ஆராய்ந்தும் பார்த்தார்கள். 450 மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். 2015-இல் ஆஸ்திரேலியாவிலும் 2017-இல் பிரான்ஸிலும் வெளியான ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு ரத்தத்தை எடுத்து இரும்பைக் குறைத்தார்கள். ஃபெரிட்டின் இறங்கியது, கல்லீரலோ சர்க்கரையோ அதனால் தேறவில்லை. ரத்த தானம் செய்யத் தகுதி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், அது பிறருக்கு உதவும். உங்கள் ஃபேட்டி லிவருக்கு அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

கீரையும் நிறுத்த வேண்டாம். கீரையிலிருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சமே. நிறுத்த வேண்டியது இரும்பு சேர்த்த மல்டிவைட்டமினும் சத்து டானிக்கும்தான், அதுவும் இரும்புக் குறைவு இல்லாதவர்களுக்கு.

அடுப்படிக்கு வருவோம்

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்புக் குறைகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்குகிறது. 10-ஐத் தொட்டவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒல்லியாக இருந்து ஃபேட்டி லிவர் வந்தவருக்கு 3 முதல் 5 சதவீதமே போதும்.

எங்கே குறைப்பது? காலையில் ஆறு இட்லி, மதியம் மலைபோலச் சோறு, நாலு மணிக்கு பஜ்ஜி, இரவு தோசை என்ற நாளில் எண்ணெயைவிட அரிசிதான் கல்லீரலுக்கு வேலை வைக்கிறது. சோற்றைக் கைவிடச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் எடுத்துவையுங்கள். சோறு மிச்ச இடத்தில். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். டீயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. கூல்டிரிங்க்ஸும் பாட்டில் ஜூஸும் கல்லீரலுக்கு நேர்வழியில் போகும் கொழுப்பு மூலப்பொருள். நாட்டுச் சர்க்கரை, பனங்கருப்பட்டி, தேன் என்று பெயரை மாற்றினாலும் கல்லீரல் ஏமாறாது.

சர்க்கரை இல்லாத காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. ஃபில்டர் காபிக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம், சர்க்கரை டப்பாவை மூடிவைத்துவிட்டு.

வாரம் 150 நிமிட நடை, இரண்டு நாளாவது கைகாலுக்கு எடைப் பயிற்சி. தசைதான் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு. சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவில் நடப்பது எடை குறையும் முன்பே சர்க்கரையில் தெரியும்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காமல் யாரும் அறையை விட்டுப் போவதில்லை. மஞ்சள் காமாலைக்கு நம் ஊர் நம்பி வந்த செடி அது. ஆனால் காமாலை வேறு, தொப்பை வழியாக வந்த கொழுப்புக் கல்லீரல் வேறு. 'லிவர் டீடாக்ஸ்' என்று விற்கும் பொடிகளை நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாத பொடியையும் உடைக்க வேண்டியது அதே கல்லீரல்தான்.

மருந்துகள் வர ஆரம்பித்திருக்கின்றன. தழும்பு ஏறியவர்களுக்கு ரெஸ்மெட்டிரோமை 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு முன்பே, 2020-இல், சரோகிளிட்டசாருக்கு இந்தியா அனுமதி கொடுத்தது. இவை தழும்பும் அழற்சியும் உள்ளவர்களை எண்ணி வந்தவை; கிரேடு 1 ஸ்கேனைப் பார்த்துப் பயந்து கேட்டு வாங்குபவை அல்ல.

அந்த அம்மாவின் 9

கணவர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மனைவிக்கு ஃபெரிட்டின் 9 என்பதில் குழப்பமே இல்லை. 15-க்குக் கீழே போனால் குதிர் காலி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அவரும் அந்தப் பாதியில் ஒருவர்.

குழப்பம் வருவது வேறு மாதிரிப் பெண்களிடம். ஃபேட்டி லிவரும் உண்டு, மாதவிடாயில் ரத்தப்போக்கும் அதிகம். ஃபெரிட்டின் 45 என்று வருகிறது. தாள் 'இயல்பு' என்கிறது. ஆனால் அழற்சி ஏற்றிவிட்ட எண் அது. அழற்சி இருக்கும்போது 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவை நினைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டல். இவர்களிடம் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். படியேறினால் மூச்சிரைப்பு, முடி கொட்டுவது, கால் குடைச்சல் எல்லாம் இருக்க, ரிப்போர்ட் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்தான். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள். சில முறைகளில் அது முடிவைக் குழப்பும்.

அந்த அம்மாவுக்கு இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதினேன். தினம் போட்டால் ஹெப்சிடின் ஏறி மதகை மூடிவிடும்; ஒருநாள் இடைவெளி விட்டால் மாத்திரைக்கு மாத்திரை உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கு கூடும். டீயோடு சேர்த்துப் போடாமல், எலுமிச்சைச் சாற்றோடு. பரணிலிருந்து இரும்புச் சட்டியை இறக்கச் சொன்னேன்.

பிறகுதான் கேட்டேன், மாதாமாதம் எத்தனை நாள் என்று. கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "எட்டு நாள் சார், மூணு வருஷமா" என்றார். அவர் பார்க்க வேண்டிய ஸ்கேன் கல்லீரலில் இல்லை. கர்ப்பப்பைக்கு எழுதிக் கொடுத்தேன்.